மல்லாட்டைக் கொல்லையில் நான் போட்ட சதுரம்

இந்தப் பயணத்தைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன். பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நாலு வாரம் வந்தது. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தார். ஒட்டிய காகிதம் மஞ்சளாகி உதிரும் வரை அதைத் தாண்டித்தான் பாடம் எடுக்கப் போய்வந்தேன். அந்த நாலு வாரத்திலும் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு யோசனை. நமக்குப் பத்து வருஷம் முந்தி விடுதலை வாங்கிய நாடு இந்தியா. அந்த நாட்டின் பொருளாதாரத்தை விவசாயம் எப்படித் தாங்குகிறது என்று ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால் நம்மவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்றார். பொருளாதாரப் பாடம் எடுப்பவன், பேச்சாளன், பெட்டி நிறையச் சட்டை வைத்திருப்பவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். மூலதனம், அந்நியச் செலாவணி, தேசிய வருமானம் என்ற மூன்று சொற்களை நான் கூடவே எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கூட வந்தது. என் அப்பா தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர். நான் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே எதுவும் வீணாகாது. கோப்பையில் விழுந்த பால் போக, பட்டையில் வழிந்து உறைந்ததையும் உரித்து எடுப்பார்கள். மரத்தடி மண்ணில் சொட்டிக் காய்ந்த கட்டிப்பாலைக்கூடச் சுரண்டி, மண்ணைக் கழுவி, தராசில் வைப்பார்கள். மண்ணில் கிடப்பதும் முதலாளி சொத்து என்பது எனக்குப் பால் குடித்த வயதிலேயே தெரியும். வேறு மாதிரி ஒரு ஏற்பாடு உலகத்தில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சென்னையிலிருந்து ஏறிய பஸ் அச்சிறுபாக்கம் தாண்டியதும் புகைவிட்டு நின்றது. நடத்துனர் எல்லோரையும் இறக்கினார். பக்கத்துக் கிணற்றிலிருந்து வண்டி வரைக்கும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினோம். புது மாப்பிள்ளை ஒருவர், கருவாட்டுக் கூடையுடன் ஒரு அம்மாள், வக்கீல் குமாஸ்தா, நான். பினாங்கில் பஸ் நின்றால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்போம். இங்கே யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. என் கறுப்புக் கண்ணாடியையும் பூட்ஸையும் பார்த்து, வாளியை என்னிடம் கொடுக்க மட்டும் யோசித்தார்கள். குமாஸ்தா என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “சாரு எந்த டிபார்ட்மெண்டுங்க?”

நான் டிபார்ட்மெண்ட் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இங்கே பூட்ஸ் போட்டு வருகிறவர்கள் எதையாவது அளக்க வருகிறவர்கள்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானும் கடைசியில் அளந்துவிட்டுத்தான் போனேன்.

திண்டிவனத்தில் வேணு கவுண்டர் வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். அவருடைய தமையன் எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்த வழியில் வந்த பழக்கம். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, குறைந்த பேச்சு. மரக்காணம் போகும் சாலையில் ஆறேழு மைல் தள்ளி அவருடைய ஊர். பெயர் வேண்டாம். பன்னிரண்டு ஏக்கர் சொந்த நிலம். அதில் கிணற்றுப் பாசனம் இரண்டு ஏக்கர், மீதி வானம் பார்த்த கொல்லை. கொல்லை முழுக்க நிலக்கடலை. அங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

மறுநாள் காலையில் எனக்குக் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தார்கள். கவுண்டர் மனைவி இட்டிலி அவித்துத் தருவதாகத்தான் சொன்னார். நான்தான் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று வீம்பு பிடித்தேன். கூழ் முதல் வாய்க்குப் புளிப்பாக இருந்தது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துப்போனது. பத்து மணி வரை பசி என்ற நினைப்பே வரவில்லை. இதைக் குறிப்பேட்டில் ‘உழவனின் எரிபொருள்’ என்று எழுதினேன். அப்படி எழுதக்கூடிய ஆளாகத்தான் அப்போது இருந்தேன்.

கொல்லையில் அறுப்பு கடைசிக் கட்டத்தில் இருந்தது. கொடி மல்லாட்டை, தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு காய் விடுகிற வகை. கார்த்திகை மழை பாதியில் நின்றுவிட்டதால் மண் இறுகிக் கிடந்தது. கொத்திப் பிடுங்கும்போது பெரும்பாலான காய் கொடியோடு வரும், சில அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆண்கள் கொத்திக்கொண்டு போக, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை ஆய்ந்தார்கள். கூலி காயாகவே. பத்துப் படி ஆய்ந்தால் ஒரு படி அவர்களுக்கு.

நடுப்பகலில் கடைசிக் கொடியும் வண்டி ஏறியது. கவுண்டர் வரப்பில் ஏறி நின்று ஒரு தடவை நாலு பக்கமும் பார்த்தார். “கொல்லை உட்டாச்சு” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். அவர் நூறு அடி போவதற்குள் எங்கிருந்தோ பெண்கள் கைக்கொத்தும் கூடையுமாக வந்து கொல்லைக்குள் பரவிவிட்டார்கள். எல்லோரும் சேரியிலிருந்து வருகிறவர்கள், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்கள்.

கவுண்டரிடம் விவரம் கேட்டேன். விட்டாச்சு என்று சொன்ன பிறகு மண்ணில் தங்கிய காய் பொறுக்குகிறவர்களுக்கு. அதில் பங்கு கிடையாது, அளவு கிடையாது. சொல்லுமுன் யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். சொன்ன பிறகு நிலத்துக்காரர் வீட்டு ஆள் குனிந்து ஒரு காய் எடுக்கமாட்டார். அவர் அப்பா காலத்திலும் அப்படித்தானாம். இதையெல்லாம் மேற்கே சூரியன் மறையும் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் குறிப்பேட்டை மூடி வைத்திருந்தேன். எழுதத்தக்க விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி அஞ்சலை. நாற்பது வயது சொல்லலாம். மற்றவர்கள் பார்த்த இடமெல்லாம் கொத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் கால் பெருவிரலால் மண்ணை அமுக்கிப் பார்த்து, இடம் தேர்ந்து கொத்தினாள். ஒவ்வொரு கொத்துக்கும் இரண்டு மூன்று காய் வந்தது. நான் வியந்துபோய்ப் பேச்சுக் கொடுத்தேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், இன்றோ நாளையோ என்று இருக்கிறதாம். நடவு வேலை எதுவும் தை முடியும் வரை இல்லை. பொறுக்குகிற காயைக் கடையில் கொடுத்துக் கேப்பை மாற்றிக்கொள்வாள். இந்த ஒன்றரை மாதக் கஞ்சி அந்தக் கொல்லைகளில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். காதால் கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். என் கண் அவள் கூடை நிறைகிற வேகத்தில் இருந்தது.

அப்போதுதான் தோட்டத்துப் புத்தி விழித்துக்கொண்டது. விட்டுப்போகிற காய் எவ்வளவு என்று அளந்தால் என்ன? மறுநாள் காலை கவுண்டர் வீட்டிலிருந்து கயிறும் நாலு முளைக்குச்சியும் ஒரு சல்லடையும் முறமும் கேட்டு வாங்கினேன். கொல்லையில் ஐந்து தப்படிக்கு ஐந்து தப்படி ஒரு சதுரம் போட்டேன். கெட்டிக்காரி என்று அஞ்சலையையே கூப்பிட்டு, இதற்குள் ஒரு காய்கூட விடாமல் தோண்டி, மண்ணைச் சலித்து எடுக்கவேண்டும் என்றேன்.

அவள் சதுரத்தையும் என்னையும் பார்த்தாள். “இந்தக் காயி எனக்குங்களா, உங்களுக்குங்களா?” என்று கேட்டாள்.

“நாட்டுக்கு” என்றேன். நான் சொன்னதை நானே ரசித்துச் சிரித்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

அவளை ஒருவர் ஒரு வேலைக்குக் கெட்டிக்காரி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். முட்டி போட்டு, ஒரு சாண் ஆழம் வரை கிளறி, கட்டிகளை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, சல்லடையில் போட்டு ஆட்டி, முறத்தில் கொட்டினாள். நான் பக்கத்தில் நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முறம் கொள்ளவில்லை. என்னை விடுங்கள், கவுண்டரே வாய் பிளந்துவிட்டார். இவ்வளவு தங்கும் என்று அவர் நினைத்ததில்லை. யாரும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

எழுதாமல் விட்டதை நான் செய்தது இங்கேதான். முறத்தைத் தூக்கி அவள் கூடையில் கொட்டியிருக்கவேண்டும். அவள் கூடையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்ததும் நினைவிருக்கிறது. நான் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று முறத்தைக் கவுண்டரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. தயங்கினார். “உட்ட கொல்லைங்க” என்றார். பரவாயில்லை, ஆராய்ச்சிக்குத்தானே என்று நான் அவர் துண்டை விரித்து அதில் கொட்டி, முடிச்சுப் போட்டு, நானே தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். விட்ட கொல்லையிலிருந்து காய் நிலத்துக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போனது அந்த ஊரில் அதுவே முதல் தடவை. கொண்டுபோனவன் நான். அஞ்சலையின் ஒரு மணி நேரத்துக்கு என் சட்டைப்பையிலிருந்து சில்லறை கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, குனிந்து சதுரத்துக்கு வெளியே கொத்த ஆரம்பித்தாள்.

பகலில் கவுண்டரோடு திண்டிவனம் போனேன். மல்லாட்டையை ஏலம் விடுகிற விற்பனைக்கூடத்துக்கு ஊரில் கமிட்டி என்று பெயர். கொட்டகைக்கு வெளியே ஐம்பது அறுபது வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. மூட்டைக்கு முட்டுக் கொடுத்து விவசாயிகள் உட்கார்ந்து வறுத்த காயை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மாடுகள் புண்ணாக்குத் தண்ணீர் குடித்தன. எங்கும் எண்ணெய் வாசனை. மலாயாவிலிருந்து வந்தவர் என்று கவுண்டர் சொன்னதும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு நிற்காது.

ஒரு வண்டிப் பலகையில் கரித்துண்டால் கணக்குப் போட்டேன். என் சதுரத்தில் இவ்வளவு என்றால் ஏக்கருக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, தாலுகாவுக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொண்டே போனேன். பெருக்கலுக்கு என்ன, போகும். மல்லாட்டைதான் எண்ணெய், எண்ணெயும் புண்ணாக்கும்தான் கப்பல் ஏறி அந்நியச் செலாவணியாகத் திரும்புகிறது, அந்தச் செலாவணியில்தான் இயந்திரம் வரவேண்டும், தொழிற்சாலை எழவேண்டும். அந்தச் செல்வத்தை மண்ணிலேயே புதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறீர்களே என்று முடித்தேன். எங்கள் தோட்டத்துக் கட்டிப்பாலையும் சொன்னேன்.

மூட்டை மேல் சாய்ந்திருந்த ஒருவர் காயை மென்றுகொண்டே, “அது அவங்க காயிங்க” என்றார்.

“அப்படியானால் நாட்டை ஆளுவது யார், எலிகளா?” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே தெரியாது. பேச்சில் ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது, கிடைத்தது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேணு கவுண்டர் பலகையில் இருந்த கரிக்கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த இரண்டு நாள் விழுப்புரத்தில். ஜங்ஷன் என்றால் அதுதான் ஜங்ஷன். எந்த ரயிலும் அங்கே மூச்சு வாங்காமல் போகாது. ஸ்டேஷன் காப்பி நம்ம ஊர் கோப்பியைவிட வெளுப்பு, ஆனால் நுரை கூட. பொங்கலில் மிளகு கடிபடும்போதெல்லாம் பினாங்கு நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நினைவு வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டால் என்ன என்று ஒரு பைத்தியக்கார ஆசையும் வந்தது. கோலியனூர் சாலையில் ஒரு மில்லைச் சுற்றிக் காட்டினார்கள். செக்கு இல்லை, பெரிய இரும்பு யந்திரம். ஒரு பக்கம் பருப்பு போக, மறுபக்கம் பொன் நிறத்தில் எண்ணெய் கட்டித் தாரையாக இறங்கியது. தேசிய வருமானம் கண்ணுக்குத் தெரிவது எனக்கு அதுவே முதல் தடவை.

மில் வாசலில் வடநாட்டு வியாபாரிகள் இருவர் அவர்கள் பாஷையில் கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எனக்கு மொழிபெயர்த்தார். பம்பாயில் எண்ணெய் விலை இறங்கினால் இங்கே கிராமத்தில் கல்யாணம் தள்ளிப்போகும் என்கிறாராம் ஒருவர். தள்ளிப்போனால் நல்லது, அடுத்த வருஷம் காய் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்கிறாராம் மற்றவர். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ஏழை விவசாயியைச் சுரண்டுகிறவர்கள் என்று குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். அடுத்தவன் முதுகு அழுக்கு என்றால் நமக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது.

சத்திரத்து அறையில் உட்கார்ந்து நாலு கட்டுரையையும் எழுதி முடித்தேன். மூன்றாவது கட்டுரை முழுக்க என் சதுரம். தலைப்பு, ‘மண்ணில் மறைந்த மூலதனம்’. அஞ்சலை அதில் ‘ஒரு கூலிப்பெண்’ என்று ஒரு வரியில் வருகிறாள். விழுப்புரம் தபாலாபீசில் விமானத் தபாலாக ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, கவுண்டர் வீட்டு விருந்துக்குத் திரும்பினேன். போவதற்கு முன் கோழி அடித்துப் போடுவதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கொல்லை வழியாக நடந்தேன். வரப்பு முழுக்க வேலிக்காத்தான் முள் வெட்டிப் போட்டிருந்தது. உள்ளே இரண்டு ஏர் ஓடின. விட்ட கொல்லையை மறுபடி உழுகிறார்கள். ஏருக்குப் பின்னால் பெண்கள் குனிந்து பொறுக்கிப் பொதுவான கோணியில் போட, கவுண்டரின் மைத்துனர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மூலையில் புதிதாக நாலு சல்லடை. பக்கத்துக் கொல்லையிலும் முள். அதற்கு அடுத்ததிலும் முள். கமிட்டியில் என் பேச்சைக் கேட்ட பத்துப் பேரும் நல்ல மாணவர்கள்.

முதலில் எனக்கு வந்தது பெருமைதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் சொன்னதை இவ்வளவு ஜல்தியாகச் செய்கிறார்களே என்று ஒரு நிமிஷம், முழு ஒரு நிமிஷம், நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து எழுந்து முள்வேலி ஓரம் வந்தாள்.

மகளுக்கு முந்தாநாள் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை என்றாள். இப்போது பொறுக்குவதில் பத்தில் ஒன்றுதான் கையில் வருகிறது. பழையபடி நாள் முழுக்கக் குனிந்தாலும் பொழுது சாய்கையில் கிடைப்பது இரண்டு கைப்பிடி. அதற்குக் கேப்பை அளக்கச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சாமி, அன்னிக்கு ஒரு காகிதத்துல எழுதிக்கினு இருந்தீங்களே. அதுல மண்ணுல ஒண்ணும் இல்லன்னு மாத்தி எழுதிடுங்க சாமி. நீங்க எழுதினா ஆண்ட கேப்பாரு.”

அந்தக் காகிதம் அந்நேரம் சமுத்திரத்துக்கு மேல் எங்கேயோ பறந்துகொண்டிருந்தது. நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஆண்டையிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அவள் என்னைக் கும்பிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தன் வாயால் தான் கெட்டது. என் வாயால் கெட்டவள் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

கவுண்டர் மாட்டுக்கொட்டகையில் இருந்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பழைய வழக்கமும் நல்லதுதானே என்று இழுத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னது மண்டையில ஏறிக்கிச்சுங்க. இத்தினி வருசமா கண்ண மூடிக்கினு இருந்திருக்கோம். நான் யாரையும் தொரத்தலீங்களே, வேலை குடுத்துப் பங்கும் குடுக்கறேன். நாட்டுக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். மூன்று கோணி கூடுதலாகக் கிடைத்திருக்கிறதாம். அந்த மூன்று கோணியும் கமிட்டிக்குப் போகும், மில்லுக்குப் போகும், எண்ணெயாகிக் கப்பல் ஏறும். தேசிய வருமானம் மூன்று கோணி ஏறியிருக்கிறது. அஞ்சலை அடுப்பில் கஞ்சியாக மாறிய வரைக்கும் அந்தக் காய் எந்த வருமானத்திலும் சேரவில்லை. அவளிடமிருந்து பறித்த பிறகுதான் சேர்ந்தது. பன்னிரண்டு வருஷம் பாடம் எடுத்தவனுக்கு இதை விளக்கத் தெரியவில்லை. என் கரிக்கணக்குதான் தப்பு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஐந்து தப்படி என்றது ஆறு தப்படி, நான் பெருக்கியது பிசகு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார். அவருக்கு முன்னால் படித்தவனாகவே இருக்கவேண்டும் என்ற ஆசை என் வாயைக் கட்டிவிட்டது. “சரிதான்” என்றேன். அவ்வளவுதான் நான் அவளுக்காகப் பேசியது.

அப்புறம் சாப்பிட்டேன். கோழிக் குழம்பு மிளகு தூக்கலாக, மல்லாட்டை அரைத்து ஊற்றிக் கெட்டியாக இருந்தது. வேண்டாம் என்று கையை மறித்துக்கொண்டே இரண்டு முறை வாங்கினேன். துக்கத்தில் சோறு இறங்காது என்று கதைகளில் படித்திருக்கிறேன். எனக்கு இறங்கியது.

புறப்படும்போது கவுண்டர் ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். மறு உழவில் எடுத்த காய், உங்களால் கிடைத்தது, ஊருக்கு எடுத்துப் போங்கள் என்றார். பத்துப் படிக்குக் குறையாது. நான் வேண்டாம் என்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். சாலை வரைக்கும் தூக்கிவர ஆள் கூப்பிட்டார். வந்தவள் அஞ்சலை.

பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். ஆண்டையிடம் பேசினீர்களா என்று அவள் கேட்கவே இல்லை. கொட்டகையில் ‘சரிதான்’ என்று நான் சொன்னது கொல்லைக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பேசியிருந்தால் அவள் தலையில் இந்தப் பை ஏன் இருக்கிறது?

சாலைப் புளியமரத்தடியில் பையை இறக்கினாள். யாரும் பக்கத்தில் இல்லை. இந்தப் பையை நீயே வீட்டுக்கு எடுத்துப் போ அம்மா, மகளுக்கு ஆகும் என்றேன். எல்லாவற்றையும் ஒரே பையில் சரிக்கட்டிவிடலாம் என்ற அவசரம் எனக்கு. அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

“எடுத்துக்கினு போயி எங்க வைக்கிறதுங்க? இப்ப எங்க ஊட்டுல மல்லாட்ட இருந்தா திருட்டுன்னு சொல்லுவாங்க.”

நான் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். யாரிடம், எப்போது என்று எனக்கே தெரியவில்லை. தூரத்தில் பஸ் தெரிந்தது. சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். பை தூக்கியதற்கு என்று ஒரு சின்ன நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“மறுபடி வருவீங்களா சாமி?” என்று கேட்டாள்.

“இல்லை அம்மா. வரமாட்டேன்.”

“சரிங்க” என்றாள். அந்த நாலைந்து நாளில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். திரும்பிக் கொல்லைப் பக்கம் வேகமாக நடந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

பையோடு பஸ் ஏறினேன். பையோடு கப்பல் ஏறினேன். வழியில் எங்கேயாவது விட்டுவிடலாம் என்று நினைத்தேன், விடவில்லை. வீட்டில் என் மனைவி அந்தக் காயை மணல் போட்டு வறுத்தாள். அண்டை வீட்டார் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஊர்க் காய்க்கு என்ன ருசி என்று மெச்சினார்கள். இந்தியா எப்படி இருக்கிறது, விவசாயம் முன்னேறியிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றேன்.